லீவு நாள் மாத்திரை

எர்ணாவூரில் எனக்கு ஆறு அறை உள்ள லைன் வீடு ஒன்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை சுமந்த முதுகால் கட்டிய வீடு. அவர் போய் வெகு காலம் ஆகிவிட்டது. முதல் அறையில் நான் இருக்கிறேன். மற்ற ஐந்திலும் குடித்தனம். ஒரு குழாய், இரண்டு கக்கூஸ், துணி காயப்போட நீளமாக ஒரு கம்பி. சண்டை வருவதற்கு இவ்வளவு போதும்.

முன்பெல்லாம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களும் விழுப்புரத்துக்காரர்களும் குடி வருவார்கள். இப்போது எல்லாரும் வடக்கே இருந்து வருகிற சின்னஞ்சிறுசுகள். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார். ஆண்கள் கன்டெய்னர் யார்டுக்கும் மணலிக் கம்பெனிகளுக்கும் போவார்கள். பெண்களில் பாதிப் பேர் இறால் கம்பெனியில் ஓடு உரிக்கிறவர்கள்.

நான் மூன்றாவது வகுப்போடு நின்றவள். இதையும் எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஆனால் இந்தி பேசுவேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, குழாயடியில் சண்டை போட்டே கற்றுக்கொண்டது. இவர்களுக்காக ரேஷன் கடையில் பேசுவது நான். கம்பெனி மேஸ்திரியிடம் பேசுவது நான். சுகாதார நிலையத்து நர்சம்மா என்னைப் பார்த்தாலே, "ஆயா, உங்க இந்திக்காரங்கள இட்டுகினு வந்தீங்களா" என்று கேட்பார். எனக்கு அதில் பெருமைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெருமையால் ஒரு பெண்ணின் வயிற்றில் நான் செய்து வைத்த தப்பையும், அந்தப் பெண் அதிலிருந்து எழுந்து வந்த விதத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நாலாவது அறைப் பெண் ஒடிசாக்காரி. வந்தபோது பத்தொன்பது வயது. ஒல்லி. பேச்சு கம்மி. இறால் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட், மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே போனால் இரவு பத்துக்கு வெளியே வருவாள். ஐஸ் தண்ணீரில் கை ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்து, சுருங்கிப்போயிருக்கும். அவள் புருஷன் யார்டில் முதல் ஷிப்ட். கன்டெய்னரைச் சங்கிலி போட்டு இறுக்குகிற வேலை.

தலைப் பிரசவத்துக்கு அவள் ஊருக்குப் போகவில்லை. இங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. பிரசவ வார்டுக்குள் ஆண்களை விட மாட்டார்கள் என்பதால் கூட இருந்தது நான்தான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் நின்று சொன்னார். "மூணு வருஷம் ஆகணும். அதுக்குள்ள இன்னொண்ணு வந்தா தையல் தாங்காது. பிரிஞ்சுதுன்னா அம்மாவும் இருக்க மாட்டா, கொழந்தையும் இருக்காது. நல்லா புரியற மாதிரி சொல்லுங்க."

நான் சொன்னேன். அவள் பயப்படவில்லை, அழவில்லை. மூன்று விரலைக் காட்டி, "தீன் சால்?" என்று டாக்டரம்மாவிடமே கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மூன்று வருடம் என்றால் அவளுக்கு மூன்று வருடம்.

மாமியார்க்காரி போனில் வந்துகொண்டே இருப்பாள். முகம் தெரிகிற போன். எனக்கு அவர்கள் பாஷை வராது. இருந்தாலும் ஒரு கிழவி என்ன பேசுவாள் என்று இன்னொரு கிழவிக்குத் தெரியாதா. பெண் பிறந்தாயிற்று, அடுத்த வருடமே ஒரு பையன் வேண்டும் என்பதுதான். இந்தப் பெண் போனைப் பார்த்துச் சிரித்தபடியே ஒரு கையால் குழந்தைக்குத் துணி மாற்றுவாள். சரி என்றும் சொன்னதில்லை, மாட்டேன் என்றும் சொன்னதில்லை. அப்படி வாயை அடக்குவது என்னால் இந்த வயதிலும் ஆகாத காரியம்.

குழந்தைக்கு மூன்றாம் மாதத் தடுப்பூசி போடப் போன அன்றே, அடுத்தது தங்காமல் இருக்க என்ன வழி என்று நர்சம்மாவிடம் கேட்கச் சொன்னாள். நர்சம்மா எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்துப் பரப்பினார். காப்பர் டி, மூன்று மாத ஊசி, தினமும் போடுகிற மாத்திரை, வாரக் கணக்கில் போடுகிற மாத்திரை, ஆண்கள் போட்டுக்கொள்வது. இவள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டு என்னைப் பார்த்தாள். உள்ளே வைக்கிறது வேண்டாம் என்றாள். ஊசியும் வேண்டாம், அதில் தீட்டு நின்றுவிடும் என்று ஐந்தாவது அறைப் பெண் சொல்லியிருந்தாள். கடைசியில் வார மாத்திரையில் விரல் நின்றது.

"நல்லது. பால் குடுக்குறவங்களுக்கு ஏத்ததுதான்" என்றார் நர்சம்மா. "மொத மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு. ஞாயித்துக்கிழமை ஒண்ணு, புதன்கிழமை ஒண்ணு. அப்பால ஞாயித்துக்கிழமை மட்டும். நாள் மாறவே கூடாது. சொல்லுங்க ஆயா."

இங்கேதான் நான் கெடுத்தேன்.

கிழமைக்கு இந்தியில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நர்சம்மா காலண்டரைக் காட்டியிருப்பார். ஆனால் பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்து நான் இந்தி பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதோடு, எங்கள் லைனில் யாரும் கிழமை சொல்லிப் பேசுவதில்லை. லீவு நாளில் கறி எடுக்கலாம், லீவுக்கு மறுநாள் துணி துவைக்கலாம் என்றுதான் பேச்சு. அப்போது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. ஆகவே நான் என் இந்தியில் சொன்னேன். சுட்டி அன்றைக்கு ஒரு மாத்திரை. சுட்டி கழிந்து மூன்றாம் நாள் இன்னொன்று.

"சுட்டின்னா இன்னா ஆயா?" என்று நர்சம்மா கேட்கவும் கேட்டார்.

"லீவு நாளு."

"ஆமா, ஞாயித்துக்கிழம லீவுதானே" என்று அவரும் விட்டுவிட்டார். சர்க்கார் ஆபீஸுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. கடலில் இருந்தும் குட்டையில் இருந்தும் வருகிற இறாலுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை.

முதல் இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அவள் மாத்திரை அட்டையைத் துணியில் சுற்றி மசாலா டப்பாவுக்குள் வைத்திருப்பாள். லீவு நாளில் குளித்துவிட்டு, என் அறைக்கு வந்து, என் செம்பிலேயே தண்ணீர் வாங்கிப் போட்டுக்கொள்வாள். "ஹோ கயா அம்மா" என்பாள். முடிந்தது என்று அர்த்தம். எனக்கு அது பிடித்திருந்தது. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவள் மாதிரி வருவாள்.

பிறகு ஆந்திராவிலிருந்து இறால் லோடு குவிந்தது. லோடு இருக்கிற வரைக்கும் லீவு கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வாரம் ஒன்று போனது, இரண்டு போனது. பதினெட்டு நாள் ஒரே மூச்சாக வேலை. அப்புறம் ஒருநாள் லாரி வரவில்லை, லீவு. அடுத்த நாளும் வரவில்லை, அன்றைக்கும் லீவு. அதற்கப்புறம் புதன்கிழமை ஒன்று, திங்கட்கிழமை ஒன்று என்று எந்த ஒழுங்கும் இல்லாமல் விட்டார்கள். அவள் என் அறைக்குத் தண்ணீர் வாங்க வரும் நாளும் அப்படியே முன்னும் பின்னுமாக ஆனது. நான் கவனித்தேனா என்றால், கவனிக்கவில்லை. லீவு விட்டால் வருகிறாள் என்று நினைத்தேன். மாத்திரை நினைவே இல்லை.

ஒருநாள் காலையில் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம். குடத்தைப் பாதியில் விட்டுவிட்டு என் வாசலில் வந்து நின்றாள். இந்த ஒரு வருடத்தில் அவளுக்குக் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது.

"அம்மா. நாள் தள்ளிப் போச்சு."

"எத்தினி நாளு?"

"பதினோரு நாள்."

குழந்தைக்கு அப்போது ஏழு மாதம் நடந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா சொன்ன மூன்று வருடத்தில் ஒரு வருடம் கூட ஆகவில்லை. "மாத்திர உட்டியா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளை அதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்கிற மாதிரி.

"ஒரு மாத்திரை விடல அம்மா."

அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்சம்மா சின்ன டப்பா கொடுத்து ஒன்றுக்குப் போய்வரச் சொன்னார். பட்டையில் சொட்டு விட்டார். இரண்டு கோடு விழுந்தது. அவர் அதை இரண்டு முறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு எரிச்சலோடு, "இந்தப் பசங்களே இப்டித்தான். வாங்கிகினு போறது, டப்பால போட்டு வெக்கிறது, அப்பால இங்க வந்து நிக்கிறது. ஏம்மா, மாத்திர போட்டியா இல்லியா? நெசத்த சொல்லு" என்றார்.

இவள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை எடுத்தாள். அதிலிருந்து கம்பெனி அட்டை ஒன்று வந்தது. ஒவ்வொரு நாளும் உள்ளே போனதற்குக் கையெழுத்துப் போடுகிற அட்டை. லீவு நாளுக்கெல்லாம் கம்பெனிக்காரன் சிவப்பில் கோடு போட்டிருந்தான். அந்தச் சிவப்புக் கோடு ஒவ்வொன்றின் பக்கத்திலும் இவள் பால்பாயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். கோட்டிலிருந்து மூன்றாம் நாள் இன்னொரு புள்ளி. பதினெட்டு நாள் கோடே இல்லை, மூன்றாம் நாள் புள்ளிக்கு அப்புறம் புள்ளியும் இல்லை. அப்புறம் இரண்டு கோடு அடுத்தடுத்து, இரண்டு புள்ளி அடுத்தடுத்து.

நர்சம்மா அட்டையை வெகு நேரம் பார்த்தார். "இது இன்னாது, லீவு லீவுக்கா போட்டு கீறே? யார் சொன்னா உனக்கு லீவு நாள்ல போட சொல்லி?"

அவள் என் பக்கம் கை காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

"நாந்தான் சிஸ்டர்" என்றேன். "ஞாயித்துக்கிழமைக்கு இந்தி தெர்ல. லீவு நாளுன்னு சொல்ட்டேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நர்சம்மா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நானுந்தான் சரின்னு தலைய ஆட்னேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று பெண்கள் இருந்தோம். அதில் இரண்டு பேர் தப்புச் செய்தவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்தது அவள் ஒருத்திதான். அந்த அட்டையில் ஒரு புள்ளி கூட இடம் மாறவில்லை. என் கல்யாண நாளே எனக்குச் சரியாக நினைவில்லை. ஐஸ் தண்ணீரில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து ஒரு பெண் இத்தனை நேர்த்தியாகப் புள்ளி வைத்திருக்கிறாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் என் முழங்கையைத் தொட்டாள். "அம்மா, அது ஆயிடுச்சு. இப்போ என்ன செய்யணும், அத மட்டும் கேளு."

நர்சம்மாவே நேராக அவளிடம் பேசினார், தமிழில், மெதுவாக, கையைக் கையை ஆட்டிக்கொண்டு. ஆறு வாரம்தான் ஆகிறது. வேண்டாம் என்றால் இப்போது மாத்திரையிலேயே கலைக்கலாம். தள்ளிப்போட்டால் கஷ்டம். வேண்டும் என்றால் தையலைப் பார்த்துப் பார்த்து வளர்க்க வேண்டும், ஆபத்து உண்டு. "உன் உடம்பு. நீ யோசிச்சு சொல்லு" என்றார். கலைப்பது என்று முடிவெடுக்க இவள் எடுத்துக்கொண்டது நாங்கள் வீட்டுக்கு நடந்து வந்த நேரம்தான்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவர்கள் வாசலில் குழந்தை கை மாறும். அவன் யார்டிலிருந்து வருவான், இவள் கம்பெனிக்குக் கிளம்புவாள். அன்றைக்கு அந்த ஐந்து நிமிடத்தில்தான் அவனிடம் சொன்னாள். நான் என் வாசலில் முருங்கைக் கீரை ஆய்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். ஏதோ கேட்டான். அம்மா என்கிற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அவன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்கிறான். இவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவன் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு சரி என்றான். இவள் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மறுநாள் காலை நான் கூடப் போனேன். அவன் தானும் வருகிறேன் என்றதற்கு, குழந்தையைப் பார்த்துக்கொள், கூட்டத்தில் அதைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சீட்டு எழுதுகிற இடத்தில் ஒரு அம்மா. தலையைத் தூக்காமலே பேசினாள்.

"எத்தினி கொழந்த?"

"ஒண்ணு."

"பொண்ணா? அப்ப ஏன் கலைக்கிற? சரி, புருஷன் எங்க? அவர் கையெழுத்து வேணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தச் சீட்டு அம்மா மேலே பேசிக்கொண்டே போனாள். "அப்புறம் சும்மா கலைச்சு அனுப்ப மாட்டாங்க. இதோட ஆபரேஷன் பண்ணிக்கறேன்னு ஒத்துக்கினா சீக்கிரம் வேல முடியும். அடிக்கடி இங்க வந்து நிக்க வாணாம் பாரு. நீங்க சொல்லுங்க ஆயா, இதுங்களுக்கு நாம சொன்னாத்தான் தெரியும்."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆபரேஷன் என்கிற சொல் எந்தப் பாஷையிலும் ஒன்றுதான்.

"ஆபரேஷன் வேணாம்" என்றாள். "எனக்குக் குழந்தை வேணும். இப்போ வேணாம். அப்புறம் வேணும்."

"இன்னா பேசற நீ? வேணும்ங்கறே, வாணாம்ங்கறே."

"அப்புறம் வேணும்" என்றாள் மறுபடியும். குரலை உயர்த்தவில்லை. மேசையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசை தள்ளுகிறது. அவள் நகரவில்லை.

எனக்கு அந்த இடத்தில் என் காலம் நினைவுக்கு வந்தது. எங்களுக்கு இரண்டே வழி. பெற்றுக்கொண்டே போவது, இல்லாவிட்டால் ஒரேயடியாக நிறுத்துவது. நான் ஐந்து பெற்று, இரண்டைப் பறிகொடுத்து, ஐந்தாவது பிரசவத்தன்றே ஆபரேஷன் செய்துகொண்டேன். அதுவும் நான் கேட்டதில்லை. பாயில் படுத்திருந்தவளிடம் வந்து விரலில் மை தடவிக்கொண்டு போனார்கள். நல்லதுதான் என்று அப்புறம் நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இப்போது வேண்டாம், அப்புறம் வேண்டும் என்று ஒரு இடம் நடுவில் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அதை இந்த இருபது வயதுப் பெண், தெரியாத ஊரில், பாதி பாஷையில், மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்.

"டாக்டரம்மாவ பாத்துட்டு நாங்க முடிவு பண்ணிக்கிறோம், நீ சீட்டக் குடும்மா" என்றேன் நான். அது ஒன்றுதான் அன்றைக்கு என் பங்கு.

அன்றைக்கு இருந்த டாக்டரம்மா சின்னப் பெண். ஸ்கேனில் பார்த்து, கரு பழைய தையலை ஒட்டாமல் நல்ல இடத்தில்தான் இருக்கிறது என்றார். வயது கேட்டார். ஆதாரில் பார்த்தார். "பதினெட்டு முடிஞ்சாச்சு. இவங்க கையெழுத்து போதும். புருஷன் கையெழுத்துன்னு சட்டத்துல எங்கயும் இல்ல. ஆபரேஷன் பண்ணாத்தான் பாப்போம்னும் இல்ல. யாரு சொன்னது?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் யார் என்று சொல்லவில்லை. சொல்லி என்ன, திரும்பியும் அந்தச் சீட்டு மேசைக்குத்தானே வர வேண்டும்.

தாளில் அவள் தன் பாஷையில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்துக்கும் மேலே குடை பிடித்த மாதிரி வளைவு. நிதானமாக, எல்லா வளைவையும் முடித்துத்தான் பேனாவை எடுத்தாள்.

முதல் மாத்திரையை அங்கேயே போட்டார்கள். இரண்டு நாள் கழித்து மற்றது. அன்றைக்கு முழுப் பகலும் என் அறையில்தான் படுத்திருந்தாள். வலி வந்தது, ரத்தப் போக்கும் வந்தது. வெந்நீர்ப் பையை மாற்றி மாற்றி வைத்தேன். டாக்டரம்மா சொல்லியிருந்தார், இத்தனை துணி நனைந்தால் உடனே வந்துவிடுங்கள் என்று. நான் கதவோரம் உட்கார்ந்து துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் குடம் மூன்றும் யாரும் சொல்லாமலே நிரம்பி வாசலில் இருந்தது. ஐந்தாவது அறைப் பெண்ணும் இரண்டாவது அறைப் பெண்ணும் செய்த வேலை. அந்த இரண்டு பேருக்கும் குழாயடியில் ஆகவே ஆகாது. சாயங்காலம் வலி அடங்கியதும் எழுந்து உட்கார்ந்து என் கையால் ரசம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்தவள் அழக் கூடாது என்று எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். அது வரைக்கும் மறுபடி தங்கிவிடாமல் ஜாக்கிரதை என்று நர்சம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் கேட்டு நடந்தவன் அவள் புருஷன். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் இரண்டரை மணிக்கு நான் பிரஷர் மாத்திரை வாங்க சுகாதார நிலையத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவன் யார்டுச் சட்டையோடு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். முழுக்கப் பெண்கள் கூட்டம். நேராக நர்சம்மா மேசைக்குப் போனான்.

"சிஸ்டர். பாக்கெட் வேணும். ஆம்பள பாக்கெட்."

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. மீன்காரம்மா ஒருத்தி, "யோவ், வெளிய வாசல்ல டப்பா மாட்டி வெச்சி கீறாங்க, சத்தம் போடாம எடுத்துகினு போறதுதானே நைனா" என்றாள்.

"டப்பா காலி அக்கா" என்றான் அவன், அவள் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக.

சிரிப்பு இன்னும் கூடியது. அவன் காது சிவந்துவிட்டது. ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. நர்சம்மா இழுப்பறையைத் திறந்து இரண்டு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார். அவன் வாங்கிக் குழந்தையின் பைக்குள், பால் புட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். என்னைப் பார்த்துவிட்டு, "வரேன் அம்மா" என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

மீன்காரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னாள். "என் வூட்டுக்காரன் இந்த வாசப்படி மிதிச்சதே இல்ல, தெரியுமா. நான் செத்தாக்கூட வெளிய டீக்கடையிலதான் நிப்பான்."

"என் ஊட்டுக்காரரும் அப்டித்தாம்மே" என்றேன். அவர் நல்லவர். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். ஆனால் இந்த விஷயம் அவருடையதும்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பதினைந்தாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். அங்கிருந்து நேரே நர்சம்மாவிடம் வந்தோம். நர்சம்மா ஒரு பெரிய காலண்டரைச் சுவரிலிருந்தே கழற்றி மேசையில் வைத்திருந்தார், இந்தத் தடவை வாய்ப்பேச்சே வேண்டாம் என்று. ஆனால் இவள் மாத்திரை அட்டையைத் தொடவில்லை.

"நாள் கணக்கு வேணாம்" என்றாள். "கம்பெனி ஷிப்ட் மாறுது. ஊருக்குப் போனா அங்கே வேற. நாள் பார்க்கிற வேலையே இல்லாதது குடுங்க."

நர்சம்மா காப்பர் டி-யைக் கையில் எடுத்தார். "முன்ன வாணாம்னியே?"

"தெரியாது அப்போ. இது மேல ஏறி நெஞ்சுக்கு வந்துடும்னு சொன்னாங்க."

"நெஞ்சுக்கு வர வழியே கெடையாதும்மா" என்று நர்சம்மா ஒரு பேப்பரில் கர்ப்பப்பையை வரைந்து, வாய் எங்கே, இது எங்கே உட்காரும், நூல் எங்கே இருக்கும் என்று காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். ஐந்து பெற்றவள், அந்தப் பையின் உருவத்தை அன்றைக்குத்தான் முதல் முறை பார்த்தேன். சின்ன கத்திரிக்காய் அளவுதான்.

அவள் அந்த டி-யை வாங்கி வெளுத்த விரலுக்கிடையில் வைத்து வளைத்துப் பார்த்தாள். விட்டதும் நிமிர்ந்தது. மறுபடி வளைத்தாள். பிறகு கேட்டாள்.

"போடறது சரி. நான் எடுக்கச் சொன்னா எடுப்பீங்களா?"

நர்சம்மா, "ஏன் எடுக்கணும், அஞ்சு வருஷம் அப்டியே இருக்கலாம்" என்றார்.

"இல்ல. நான் கேட்கிறது அது இல்ல. ரெண்டு வருஷம், நாலு மாசம். அப்போ நான் வந்து எடுங்கன்னு சொன்னா, ஏன் எதுக்குன்னு கேட்காம எடுப்பீங்களா? இங்கே நீங்க இல்லாம வேற சிஸ்டர் இருந்தா? நான் ஊர்ல இருந்தா?"

கணக்கும் சரிதான். டாக்டரம்மா சொன்ன மூன்று வருடத்தில் மிச்சம் அவ்வளவுதான் இருந்தது.

நர்சம்மா என் பக்கம் திரும்பி, "இன்னா சொல்ல வருது ஆயா?" என்று கேட்டார், பழக்க தோஷம்.

"அத கேளுங்க சிஸ்டர். அதுதான் எதிர்ல கீதே" என்றேன்.

நர்சம்மா இருபது வருடமாக அந்த மேசையில் உட்கார்ந்து டி போடுகிறவர். போடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார், அதட்டியிருக்கிறார். எடுப்பீர்களா என்று போடுவதற்கு முன்னாலேயே யாரும் கேட்டதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். ஒரு அட்டையை எடுத்து, இன்ன தேதியில் போட்டது, இன்ன வகை, பயனாளி எப்போது கேட்டாலும் எடுக்க வேண்டும் என்று எழுதினார். தமிழில் எழுதிவிட்டார். இவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இங்கிலீஷ்ல எழுதுங்க சிஸ்டர். எங்க ஊர் சிஸ்டர் படிக்கணும்."

அவர் அடியில் இங்கிலீஷிலும் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தார். சீலில் மை சரியாக விழவில்லை. இவள் அதைப் பார்த்துவிட்டு அட்டையை வாங்காமல் நின்றாள். நர்சம்மாவே சிரித்து, சீலை மைப்பெட்டியில் நன்றாக அழுத்தி இன்னொரு முறை வைத்தார்.

அவள் அட்டையை ஊதி மையைக் காயவைத்தாள். ஆதாரும் குழந்தையின் தடுப்பூசி அட்டையும் இருந்த பிளாஸ்டிக் கவரில் அதையும் வைத்து என்னிடம் கொடுத்தாள். குழந்தையையும் கொடுத்தாள். பிறகு செருப்பை மேசைக்கடியில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு, திரைக்கு உள்ளே போனாள்.